டாரியோ இல்லாத ஊர்கள்

மனைவியை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவது என்று எத்தோரே மாந்தினி முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்தப் பயணத்தில் டாரியோ என்கிற மனிதன் அவள் கண்ணில் படவே கூடாது என்று அவர் சபதம் எடுத்ததும் அதே காலையில்தான். நடுவில் ஒரு காபி மட்டும் ஆறியது.

மெல்பர்னில் பிப்ரவரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய மாந்தினி குடும்பத்தின் கார் ஷெட்டில் என்றைக்கும் காருக்கு இடம் கிடையாது. அங்கே இரண்டாவது அடுப்பு உண்டு, இரண்டாவது ஃப்ரிட்ஜ் உண்டு, உத்தரத்திலிருந்து தொங்கும் பூண்டு உண்டு. அன்று தக்காளி காய்ச்சும் நாள் வேறு. வருஷத்துக்கு வேண்டிய தக்காளிச் சாறு முழுவதையும் அன்றே பிழிந்து, காய்ச்சி, புட்டியில் அடைத்தாக வேண்டும். எத்தோரே கரண்டியைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு அறிவித்தார்.

"லோரி, கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. ஜூலையில நாம ஐரோப்பா போறோம். திட்டம் என்னுது. நீ பெட்டி மட்டும் கட்டினா போதும்."

அவர் மனைவி லோரெதானா முழங்கை வரை தக்காளியாக நின்றாள். "எங்கெல்லாம் போறோம்?"

"கத்தானியா, கொன்செத்தா பெரியம்மா. பாரி, அசுந்தா பெரியம்மா. கொசென்ஸா, ஃபிலொமேனா சித்தி."

"நான் ஊரைக் கேட்டேன். நீ பெரியம்மாவைச் சொல்ற."

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்தக் குடும்பத்தில் பெரியம்மா இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் தங்கினால் பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். கல்யாணமான புதிதில் இருவரும் இத்தாலிக்குப் போயிருந்தார்கள். ஒரு மாதம் முழுக்க லோரெதானா பார்த்தது சாப்பாட்டு மேஜைகளை. ரோமாபுரியை மட்டும் பஸ் ஜன்னல் வழியாக, மடியில் பெரியம்மா கொடுத்த பாலாடைக்கட்டியோடு பார்த்தாள்.

எத்தோரே அதையெல்லாம் நினைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் தென் ஐரோப்பா வரைபடத்தை ஒட்டினார். மீன் கடைக்காரன் கொடுத்த காந்தத்தை எடுத்து, இது நாம், என்று கத்தானியாமேல் வைத்தார்.

"கத்தானியாவா?" லோரெதானா ஒரு தக்காளியை நிதானமாக நசுக்கினாள். "டாரியோவுக்கு அங்கதான் எலுமிச்சைத் தோட்டமாம். பாவம், பார்த்து எத்தனை காலமாச்சு!"

காபி ஆறியது அப்போதுதான்.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மெல்பர்ன் இத்தாலியர் கிளப்பில் நடந்த நடனத்தில் லோரெதானாவோடு இரண்டு பாட்டுக்கு ஆடியவன் டாரியோ. இரண்டு பாட்டு! முதல் பாட்டு மரியாதைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது எதற்கு? அவனுக்குக் கறுகறுவென்று அலையலையாக முடி. அன்றிலிருந்து எத்தோரே அந்தக் கிளப்பின் வாசலை மிதித்ததில்லை. பிறகு டாரியோ இத்தாலிக்குத் திரும்பிப் போனான். அவன் போன வருஷம்தான் எத்தோரேயின் முடியும் கொட்ட ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அவர் இன்னும் நம்புகிறார்.

கத்தானியாமேல் இருந்த மீன் கடைக் காந்தம் சத்தமில்லாமல் நகர்ந்தது. அங்கே எத்தோரே வேறொரு காந்தம் வைத்தார். கடைக்காரர்கள் புது வருஷத்துக்குக் காலண்டர் கொடுப்பதுபோல, சவ அடக்கம் செய்யும் கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கும் கறுப்புக் காந்தம் அது. டாரியோவுக்கு அது பொருத்தமாக இருந்தது.

சாயங்காலம் அவர் கத்தானியாவுக்குப் போன் போட்டார்.

"பெரியம்மா, இந்தத் தடவை அங்க வர முடியாது. வயிறு சரியில்ல. டாக்டர் எதையும் சாப்பிடக்கூடாதுன்னுட்டார்."

"சாப்பிடக்கூடாதா?" கொன்செத்தா பெரியம்மாவின் குரலுக்குப் போன் தேவையே இல்லை. "யாருடா அந்த டாக்டர்? அவனைப் பெத்தவ ஒருத்தி இருக்காளா இல்லையா? நீ வா கண்ணா, வயித்தை நான் பாத்துக்கறேன்!"

"உப்புகூட ஆகாதாம் பெரியம்மா."

மறுமுனையில் அழுகை கேட்டது. எத்தோரே மெல்லப் போனை வைத்தார். பெரியம்மா போனால் போகட்டும், பெண்டாட்டி தப்பித்தாள்.

அடுத்த வாரம் மீன் கடைக் காந்தம் பாரிக்குப் போனது.

"பாரியா? பேஷ்!" என்றாள் லோரெதானா. "டாரியோ அங்க ஒரு படகு வாங்கி விட்டிருக்கானாம்."

"அவன் எலுமிச்சை போட்டான்னு சொன்னியே!"

"குளிர்காலத்துல எலுமிச்சை, கோடையில படகு. வசதியானவன் ஒரே ஊர்ல கிடப்பானா? உன்னை மாதிரியா?"

காந்தம் பாரியை விட்டுக் கிளம்பியது. கொசென்ஸா மலைப்பக்கம், அங்கே படகும் ஓடாது, எலுமிச்சையும் காய்க்காது என்று எத்தோரே தேறிக்கொண்டார். இந்தத் தடவை மனைவியிடம் வாயே திறக்கவில்லை. அத்திமரத்தடியில் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்த கிரேக்க விதவை வசிலிகியிடம் சாமர்த்தியமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"வசிலிகி, இந்த டாரியோ டாரியோன்னு ஒருத்தன்... உனக்கு ஏதாவது தெரியுமா?"

"அந்த அழகனா?" வசிலிகி இடுப்பை நிமிர்த்தினாள். "முடி வெட்டுற கடையில அவன் பேச்சுதானே! மலையில வீடு கட்டறானாம்."

"எந்த மலை?"

"உங்க ஊர்ப்பக்கம்தான் ஏதோ. கொ... கொ..."

"கொசென்ஸா?"

"நீயே சொல்லிட்டியே! இன்னும் கல்யாணமே பண்ணிக்கலையாம் எத்தோரே. யாரையோ நினைச்சுக்கிட்டே இருந்துட்டானாம். முடி மட்டும் அப்படியே இருக்காம்."

எத்தோரே தம் தலையைத் தடவிப் பார்த்தார். வெயில் சுட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது தொண்டையைச் செருமிக்கொண்டார். "லோரி, நல்லா யோசிச்சேன். இத்தாலியில தெற்கே போறதே தப்பு. ஒரே புழுக்கம். கொள்ளைக் கொசு."

"ஐயோ, உங்க பெரியம்மாக்களை விட்டுட்டா? உங்க அம்மா ஆத்மா என்னைச் சும்மா விடுமா?" லோரெதானா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கோபம் வந்தால்தான் அவள் வாயில் 'உங்க' வரும். எத்தோரே பயந்து, இன்னும் கெஞ்சலாகப் பேசினார்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். வேற ஊருக்குப் போகலாம். இத்தாலிக்காரனே இல்லாத ஊரு."

"அப்படி எந்த ஊரு இருக்கு? லிஸ்பன்ல போர்ச்சுக்கீசியங்க மட்டும்தான் இருப்பாங்க. அங்க போய் என்ன பண்றது?"

"லிஸ்பன்!" என்று மேஜையைத் தட்டினார் எத்தோரே.

"செவில்லயும் அப்படித்தான். விடிய விடிய ஆட்டம் பாட்டு. உனக்குப் பிடிக்காது."

"யார் சொன்னது பிடிக்காதுன்னு? செவில்!"

பார்சிலோனாவையும் நீஸையும் அவள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். அவர் அசையவில்லை. வெனிஸ் இத்தாலிதான், ஆனால் வடக்கே மூலையில் இருக்கிறது, தண்ணீரில் எலுமிச்சை வைக்க முடியாது என்று அதையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் லோரெதானா பெருமூச்சு விட்டாள். "சரி, நீ பிடிச்ச பிடி. உன் இஷ்டம்." தட்டைக் கழுவப் போனவள் வெகு நேரம் முதுகைத் திருப்பிக்கொண்டே நின்றாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் போலிருக்கிறது என்று எத்தோரேவுக்கு மனசு இளகியது. ஆனாலும் பிடி தளரவில்லை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது லேசான காரியமா?

ஐந்து ஊருக்கும் கும்பலாக அழைத்துப்போகும் ஒரு டிராவல்ஸ் சிட்னி ரோடு என்கிற உள்ளூர்த் தெருவில் இருந்தது. லோரெதானாவே போனில் பணம் கட்டி முடித்தாள். "கட்டினா திரும்பி வராதாம், யோசிச்சுக்கோ" என்று இரண்டு தடவை எச்சரித்தாள். "யோசிக்கிறவன் நான் இல்ல, முடிவெடுக்கிறவன்" என்றார் எத்தோரே. மீன் கடைக் காந்தம் லிஸ்பனில் போய் உட்கார்ந்தது. டிக்கெட் வாங்க ஈஸ்டருக்கு முந்தின வாரம் நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு தாமே கிளம்பினார்.

கடையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வட்டத் தொப்பி போட்டபடி கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"மாந்தினி. லிஸ்பன்லேர்ந்து வெனிஸ் வரைக்கும். ரெண்டு பேர்" என்றார் எத்தோரே, கப்பல் கேப்டன் குரலில்.

அவன் திரும்பினான். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான். உள்ளேயிருந்து வெள்ளி வெள்ளியாக முடி, அலையலையாக, முப்பது வருஷத்துக்கும் சேர்த்துப் புரண்டு விழுந்தது.

"எத்தோரே!"

"எலுமிச்சை... படகு..." என்றார் எத்தோரே.

"எலுமிச்சையா? நான் திரும்பி வந்து ரெண்டு வருஷமாச்சே! கிளப்புல கேட்டா எல்லாரும் சொல்வாங்க. நீதான் அந்தப் பக்கமே வர்றதில்லையாமே?" டாரியோ எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். நல்ல வாசனை அடித்தது. "லோரெதானா போன குளிர்காலத்துலயே வந்து இந்த அஞ்சு ஊரையும் எடுத்து வைக்கச் சொல்லிட்டா. எத்தனை தடவை வந்து உட்கார்ந்து அந்த ஊர்ப் படங்களைப் பார்த்தா தெரியுமா! வீட்டுக்காரர் சம்மதிச்சாரான்னு கேட்டேன். ஈஸ்டருக்குள்ள அவரே இந்த ஊரையெல்லாம் கண்டுபிடிப்பாருன்னா. கெட்டிக்காரன்பா நீ!"

எத்தோரே நாற்காலியைத் தேடினார்.

"கவலைப்படாதே, கும்பல்ல தொலைஞ்சு போகமாட்டே." டாரியோ மூலையிலிருந்து ஒரு மஞ்சள் குடையை எடுத்து விரித்துக் காட்டினான். "லிஸ்பன்லேர்ந்து வெனிஸ் வரைக்கும் இதைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்கிறது நான்தான்."

வீட்டுக்கு வந்த எத்தோரே நேராகக் கார் ஷெட்டுக்குப் போனார். லோரெதானா கத்தரிக்காயை நறுக்கி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலை!" என்று கத்தினார். "நான் கத்தானியாவுக்குப் போறேன். என் பெரியம்மா வீட்டுக்கு!"

"போயேன்" என்றாள் லோரெதானா. "உன் சீட்டுல வசிலிகி வர்றேன்னா. பெரியம்மாகிட்டயும் நேத்தே பேசிட்டேன். உனக்குன்னு தனியா கஞ்சி வச்சுத் தர்றாங்களாம். மூணு வேளையும். உப்பில்லாம."

எத்தோரே அந்தக் கஞ்சியையும் அந்த முடியையும் மனசுக்குள் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "லிஸ்பன்ல வெயில் ஜாஸ்தியா இருக்குமோ?" என்று மெல்லக் கேட்டார். "எனக்கும் ஒரு தொப்பி வாங்கணும்."

"வாங்கிக்கலாம்" என்றாள் லோரெதானா. கையைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். கத்தானியாவில் தனியாகக் கிடந்த கறுப்புக் காந்தத்தைப் பிடுங்கி, லிஸ்பனில் மீன் கடைக் காந்தத்துக்குப் பக்கத்தில், இடிக்கிற மாதிரி ஒட்டி வைத்தாள்.

"இது மட்டும் எதுக்குத் தனியா?"