பாலாடையும் இருபது நிமிஷமும்

என் மனைவியின் மூக்கை உடைத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அடிதடி எல்லாம் இல்லை. நான் அப்படிப்பட்ட ஆளில்லை, அவளும் விடமாட்டாள்.

பதினைந்து வருஷமாகப் பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் கிருமி தேடுகிறவன் நான். வீட்டிலோ பால் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது அவள் மூக்கு. என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்பதில்லை. விடுதியில் படிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வீட்டு வெண்ணெய் என்றால் அவளுக்கு உயிர். அதற்காக மனைவி சேர்த்து வைக்கும் பாலாடை மூன்று வாரமாகக் கெட்டுக்கெட்டுப் போகிறது. ஃபிரிட்ஜ் சரியில்லை என்றாள் அவள். பாத்திரம் கழுவுகிற லட்சணம் சரியில்லை என்றேன் நான், மனசுக்குள்.

சனிக்கிழமை மத்தியானம் புதுச் சோதனைப் பட்டைகள் இரண்டு கொண்டுவந்தேன். மூன்று நாள் ஆகிற சோதனை இதில் இருபதே நிமிஷம். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் கிருமி.

பாத்திரத்துப் பாலாடையில் ஒரு பட்டையை நனைத்தேன். இரண்டு கோடு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? இது ஃபிரிட்ஜால வர்றதில்ல. மனுஷன் கையால வர்ற கிருமி. விரல்ல புண்ணு இருந்தா கேக்கவே வேணாம்" என்று பாத்திரத்தைச் சுட்டிக்காட்டிப் பாடம் எடுத்தேன்.

அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். காய்கறித் தட்டில் கீரைக்கட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு கிண்ணம் பாலாடையை எடுத்து, இதையும் பாருங்கள் என்றாள்.

பார்த்தேன். ஒரே கோடு.

"ஒரே பாலு, ஒரே ஃபிரிட்ஜ், ரெண்டுலயும் ஆடையை எடுத்துப் போட்டது என் கைதான். அது ஏங்க கெட்டுச்சு, இது ஏன் கெடல?"

பதில் தெரிந்துவிட்டது. கீரைக்கடியில் கிண்ணம் இருப்பது எனக்குத் தெரியாது. சுட்டிக்காட்டிய விரலைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய் கிழித்த விரல். மூன்று வாரமாகப் புண் ஆறவில்லை. தினமும் அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போது, ஒரே ஒரு வாய் ஆடையை வழித்து நக்கிய விரலும் அதுதான்.

வெட்கமாகப் போய்விட்டது. இது பிள்ளை வயிற்றுக்குள் போயிருந்தால் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது. அவள் திட்டவில்லை. முதலில் அந்த விரலை டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கு வெண்ணெய்க்கு இந்தக் கிண்ணம் போதும் என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்ப ஃபிரிட்ஜ் சரியில்லன்னு சொன்னது?"

"உங்க மரியாதைக்குச் சொன்னதுங்க."

"நான்தான்னு எப்ப கண்டுபிடிச்சே?"

"மொத நாளே. உங்க பட்டைக்குத்தான் இருபது நிமிஷம் வேணும். எனக்கு உங்க மீசையைப் பாத்தாலே போதும்."