மாமனார் வீட்டு இடிதாங்கி

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறக்க வேண்டிய இடம் ஒன்றுதான், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். இது தெரியாமல் நான் அறிவியல் சொல்லிக் கொடுக்கப் போனேன்.

எனக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி செல்விக்கு முட்டுக்காட்டுக்குத் தெற்கே கடலோரக் குப்பம். காதல் கல்யாணம் என்பதால் மாமனார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், "அவரு டீ குடிப்பாரான்னு கேளு" என்பார் மகளிடம். (நானும் "குடிப்பேன்னு சொல்லு" என்பேன். ரோஷம்!) எப்படியாவது அந்த மனிதர் என்னோடு பேசிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் தவியாய்த் தவித்தேன்.

அந்த ஐப்பசியில் பக்கத்து வீட்டுத் தென்னையில் இடி விழுந்தது. மாமனார் அப்போதுதான் மாடி கட்டி முடித்திருந்தார். இடிதாங்கி வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அது இடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று விளக்கமும் சொல்லித் தொலைத்தேன்.

மாமியார் கரண்டியோடு வெளியே வந்தார். "சும்மா போற இடிய இன்னாத்துக்கு நம்ம வூட்டுக்கு இயுத்துக்கினு வரணும்?"

"வேணும்னா அவரு வூட்டு மாடில வெச்சிக்கச் சொல்லு" என்று மாமனார் மகளிடம் சொல்லிவிட்டார்.

விடுவேனா? மறு ஞாயிறே தெர்மாகோல் வீடு ஒன்று செய்து எடுத்துப் போனேன். கூரைமேல் செம்புக் கம்பி, அதன் அடிமுனை ஈர மணல் தட்டில். அலுமினியத் தாள் சுற்றிய அட்டைதான் மேகம். மின்னலுக்குக் கொசு பேட். அதிலிருந்து ஒரு ஒயர் மேகத்துக்கு, இன்னொன்று மணலுக்கு. பட்டனை அமுக்கினால் பொறி கம்பியில் பாய்ந்து மணலுக்கு இறங்கிவிடும், வீடு தப்பிக்கும். மச்சான்கள், செல்வியின் சித்தப்பா குடும்பம் என்று கூடம் நிறைந்துவிட்டது. கொசு பேட்டை மாமனார் கையிலேயே கொடுத்தேன் (மரியாதையாம்).

மேகம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இடது கையை ஈர மணலில் ஊன்றி, வலது கையால் அதை நிமிர்த்தினேன். மாமனாரிடமே நேராகச் சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம். "செல்வி, இப்ப அமுக்க வேணாம்னு சொல்லு" என்றேன்.

செல்வி சொல்வதற்குள் மாமனார் அமுக்கிவிட்டார். "அமுக்க" என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்ததாம்.

தோள்வரைக்கும் சுரீரென்றது. அலறிக்கொண்டு பின்னால் போய் மாமியாரின் நெத்திலிக் கூடையில் உட்கார்ந்தேன். மாமனார் தெர்மாகோல் வீட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வூட்டுக்கு ஒண்ணும் ஆவல மாப்ள. அல்லாத்தயும் நீயே வாங்கிக்கின."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாக் அடித்ததால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாமனார் வீட்டு மாடியில் இடிதாங்கி வைத்தாயிற்று. ஆனால் அந்த வீட்டில் இடிதாங்கி என்றால் நான்தான். எந்தச் சண்டை வந்தாலும் என்னை வரவழைத்து நடுவில் உட்காரவைத்துவிடுகிறார்கள், இரண்டு பக்கத்துத் திட்டும் எனக்கே வந்து சேருகிறது. போன வாரம்கூட மாமனார் நேராக எனக்கே போன் போட்டார்.

"மாப்ள, உங்க அத்த காலைலருந்து ஒரே இடியா இடிச்சிகினு கீறா. சீக்கிரம் கெளம்பி வா."