படகில் எனக்குக் கிடைத்த நடு நாற்காலி

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு (பொறுமை இல்லையென்றால் இந்த வரியோடு மடித்து வைத்துவிடு), தம்பி எழுதிக்கொள்வது.

இங்கு நான், அம்மா, அப்பா மூவரும் உடலளவில் நலம். நீயும் மாமாவும் குழந்தையும் நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவும் அப்பாவும் ஒருவரோடொருவர் பேசட்டும் என்று, அத்தனை தொலைவில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் கல்யாண நாள் பரிசாக நீ பதிவு செய்து அனுப்பினாயே, 'அந்திநேரக் காக்டெயில் படகுப் பயணம், தம்பதியர் சிறப்பு' என்று, அதற்குப் போய்விட்டு வந்தோம். இப்போது பேசிக்கொள்கிறார்கள். உன் எண்ணம் நிறைவேறியது. என் நிலைமை என்ன என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், மாமாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவாய், அவரும் சிரிப்பார். குழந்தைக்கு அம்மா தைத்த சட்டைகள் பார்சலில் வருகின்றன. அதற்குள் இதை வைக்கிறேன். தனியாகப் படி.

சண்டை எதனால் வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஏனென்றால் உன் மாமியார் பெருந்தன்மையால் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். அப்பா கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார், ஆனால் கிடங்கை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. அம்மா தையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறையில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி, 'முதலில் வந்தது முதலில் போக வேண்டும்' என்ற கிடங்கு விதிப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கதவில் ஒட்டினார். மறுநாளே உன் மாமியார் வந்தார். அம்மா டீ போட்டாள். சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டாள். உன் மாமியார் அதை முகம் சுளிக்காமல் முழுதும் குடித்தார், அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லார் முன்னாலும், "கதவுல பட்டியல் ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் "என்னங்க" என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட சொல்லு, குளிக்கத் தண்ணி சுட்டாச்சு." "உங்கம்மாகிட்ட சொல்லு, நான் பச்சைத் தண்ணியிலயே குளிச்சுக்கறேன்." இருவரும் ஒரே அறையில்தான் நிற்கிறார்கள், அக்கா! இரண்டு அடி தூரத்துக்கு நான் எதற்கு? நாள் முழுக்க டவர் மேல் ஏறி அடுத்தவர் பேசுவதற்கு சிக்னல் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் நான்தான் டவர். போதாக்குறைக்கு அப்பா பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டார், திங்கட்கிழமை ரயிலில் பெரியப்பா வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துவிடப் போகிறாராம். அந்தப் பெட்டியை அம்மா தினமும் துடைத்து வைத்தாள், ஆனால் 'போகாதீங்க' என்று மட்டும் சொல்லவில்லை. உன் படகு அனுமதிச்சீட்டு ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு இருந்தது. பெட்டி போவதற்குள் இருந்தது அந்த ஒரு மாலைதான்.

இரண்டு பேரும் ஒரே காரில் தனியாக வரமாட்டார்கள் என்பதால் என் செலவில் நானும் ஒரு சீட்டு வாங்கினேன். தம்பதியர் சிறப்பு என்றால் என்ன என்று நீ படித்துப் பார்த்தாயா? நாற்காலியில் இதய வடிவத்தில் சிவப்பு பலூன் கட்டியிருக்கிறார்கள். அதில் அப்பா உட்காரவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. எனவே கடைசி வரிசையில் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பலூனோடு நான். சுற்றிலும் எல்லாம் புதுசாகக் கல்யாணமானதுகள். எங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர், நம் வீட்டு ஃப்ரிட்ஜைவிடப் பெரிசு. அதற்குக் கீழே இன்ஜின். அந்த இன்ஜினை வாங்கிய நாளிலிருந்து யாரும் அதன் தாங்கு போல்ட்டுகளை முறுக்கியதில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. நான் எழுந்து போய்ச் சொன்னேன். படகோட்டி என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, தேனிலவுக்கு வந்திருக்கீங்க, சந்தோஷமா இருங்க" என்றார். யாரோடு என்று நினைத்தாரோ தெரியவில்லை.

படகு கிளம்பியது. ஒரு பக்கம் கரையோரமாகத் தென்னை மரங்கள், ஓட்டல் விளக்குகள், கலங்கரை விளக்கம்; மறுபக்கம் கடல், அதன்மேல் இறங்கிக்கொண்டிருந்த சூரியன். அழகுதான், மறுக்கவில்லை. மைக் பிடித்த ஒருவன் ஏதோ நீளமாக அறிவித்தான். அந்த இரைச்சலில் ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு பார்க்காரர் தட்டோடு வந்து என் காதருகே குனிந்து, "இருக்கறதா, இல்லாததா?" என்று கத்தினார். சரக்கு இல்லாதது மூன்று என்று நானும் கத்தினேன். நான் கத்தியது அவர் காதில் எப்படி விழுந்தது என்பது அவருக்கே வெளிச்சம். அப்பாவுக்கு எலுமிச்சைச் சாறு வந்தது. அம்மாவுக்கு நீல நிறத்தில், குட்டிக் குடை செருகிய ஒன்று வந்தது. அம்மா முதலில் குடையைப் பிரித்துப் பார்த்தாள், மடித்துப் பார்த்தாள், "இது நல்லா செஞ்சிருக்கான்" என்று பையில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வாய் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, தொப்பி போடச் சொல்லு. வெயில் மண்டையில அடிக்குது."

அக்கா, கவனி, ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நான் அப்படியே அப்பாவின் காதில் சேர்த்தேன். அவர் சொன்ன பதில்: "என் மண்டைக்குள்ள இருக்கற சூட்டுக்கு இது கம்மிதான்னு சொல்லு." அதையும் நேர்மையாக அம்மாவிடம் சேர்த்தேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமைக்கு அப்புறம் பெரியப்பா வீட்டுல ஆறட்டும்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழுது என் பக்கத்தில் இருக்கிறது. இரைச்சலான பாதையில் வரும் சிக்னலை அப்படியே அடுத்த முனைக்குத் தள்ளினால் இரைச்சலும் சேர்ந்துதான் போகும். சுத்தப்படுத்தி அனுப்பத்தான் நடுவில் ரிப்பீட்டர் வைப்பது. ஸ்பீக்கர் புண்ணியத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவே கேட்காது. இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று வேலையை ஆரம்பித்தேன்.

அப்பா, "சூரியன் விழறதைப் பாக்க எதுக்குடா படகு? நம்ம மொட்டை மாடியில விழலையா?" என்றார். நான் அம்மாவிடம் திரும்பி, "உன்னோட வந்தது நல்லா இருக்குன்னு சொல்றார்" என்றேன். அம்மா, "அவரா?" என்றாள். "ஆமா." தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே கட்டியிருந்த நிழல் துணியைக் காட்டி, "எவன் தைச்சான் இதை? தையல் போற போக்கைப் பாரு, குடிச்சிட்டுத் தைச்சிருக்கான்" என்றாள். நான் அப்பாவிடம், "நீங்க இல்லாம வீடு வீடா இருக்காதுன்னு சொல்றாங்க" என்றேன். அப்பா லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு பார் பக்கம் கையை நீட்டி, "பழைய பாட்டிலைப் பின்னாடி வெச்சிட்டுப் புதுசை முன்னாடி வெச்சிருக்கான், உருப்படுமா?" என்றார். அதுதான் தருணம் என்று பட்டது எனக்கு. அம்மாவிடம் குனிந்து, "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அப்படிக் கேட்டது தப்பு, மன்னிச்சிடுன்னு சொல்றார்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா நீலத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். கண்ணைத் துடைத்தாளா, முகத்தில் தெறித்த கடல்நீரைத் துடைத்தாளா என்று தெரியவில்லை. பிறகு, "அந்த நீலத் தண்ணி இன்னொண்ணு வாங்கு" என்றாள்.

என் அவசரம் உனக்குத் தெரியும். சூரியன் தண்ணீரைத் தொடப் போகிறது, அதோடு படகு திரும்பிவிடும். ஒரு முனை சரியாகிவிட்டது, மறு முனையையும் உடனே முடித்துவிட வேண்டும். அப்பா பக்கம் திரும்பினேன். ஸ்பீக்கரில் தாளம் உச்சத்தில் இருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்: "அம்மா சொல்றாங்க! டப்பா விஷயத்துல நீங்க செஞ்சதுதான் சரியாம்! தப்பெல்லாம் அவங்க மேலதானாம்! கால்ல விழாத குறையா மன்னிப்பு கேக்குறாங்க!"

அந்த மைக் பிடித்தவன் கிளம்பும்போது அறிவித்தது என்ன தெரியுமா? சூரியன் தண்ணீரைத் தொடும் நொடியில் பாட்டையும் இன்ஜினையும் நிறுத்திவிடுவார்களாம், எல்லாரும் மௌனமாகப் பார்த்து ரசிக்கலாமாம். 'தப்பெல்லாம்' என்று நான் ஆரம்பித்தபோது நிறுத்திவிட்டார்கள். அலை அடிப்பதுகூட நின்றுவிட்டது போல ஒரு நிசப்தம். அதில் என் குரல், கடற்கரையில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். அத்தனை ஜோடிகளும் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எங்களைப் பார்த்தன. மைக் பிடித்தவன், பழக்கதோஷம், "நம்ம மூத்த ஜோடிக்கு ஒரு கைத்தட்டு!" என்றான். தட்டினார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். "யாரு? நானா? நான் நீலத் தண்ணிதானே கேட்டேன்!"

"அப்ப நான் இல்லாம வீடு வீடா இருக்காதுன்னு சொன்னது?" என்றார் அப்பா. நேராக அம்மாவைப் பார்த்து. அக்கா, நேராக!

"துணியில தையல் சரியில்லன்னு சொன்னேங்க. என்னோட வந்தது நல்லா இருக்குன்னு நீங்க சொல்லலையா?"

"நான் மொட்டை மாடின்னேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடு நாற்காலியில் எந்தப் பக்கமும் போக வழியில்லை. தலைக்கு மேலே பலூன்.

"என்னங்க, பாத்தீங்களா உங்க புள்ளையை?" என்றாள் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதைக் கேட்டு மகிழக்கூட என்னை விடவில்லை. "இவன் சின்ன வயசுலயே இப்படித்தான். வாத்தியார் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா, உனக்கு ஜுரம்னு அங்க சொல்லுவான், பள்ளிக்கூடம் லீவுன்னு இங்க சொல்லுவான்" என்றார் அப்பா. "நீங்க குடுத்த செல்லம்." "நானா? நீதான் எல்லாத்தையும் மூடி மறைச்சே." "தள்ளுடா" என்று என்னைக் கிளப்பிவிட்டு அம்மா நடு நாற்காலிக்கு மாறினாள், கிட்டே இருந்து திட்டினால் வசதி என்று. கரை வரும்வரை என் பிறந்த நேரத்திலிருந்து போன மாதம் வரை ஒன்றையும் விடவில்லை. முன்வரிசைப் புதுப்பெண் ஒருத்தி தன் புருஷனிடம், "நாமளும் இப்படி இருக்கணும்" என்றாள். சூரியன் எப்போது மறைந்தது என்று படகில் ஒருவருக்கும் தெரியாது. படகோட்டி இறங்கும்போது என்னிடம் மட்டும் கை குலுக்கவில்லை.

முடிவு: பெட்டி பரணில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை ரயில் அப்பா இல்லாமலே போயிற்று. டப்பாக்களின் மேல் எண்ணுக்குப் பக்கத்திலேயே பெயரும் ஒட்டப்பட்டிருக்கிறது, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒட்டினார்கள். ஆனால் என்னோடு இருவருமே பேசுவதில்லை. "உங்க புள்ளையைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்கிறாள் அம்மா, நான் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே. "அவன் பசிக்கலைன்னு சொல்றான்" என்கிறார் அப்பா, நான் வாயே திறக்காமல் இருக்கும்போது. இது அநியாயம். முறை சற்று முன்பின் இருக்கலாம், பலன் கிடைத்ததா இல்லையா? என் ரிப்பீட்டர் இல்லாமல் இருந்தால் அப்பா இந்நேரம் பெரியப்பா வீட்டு டப்பாக்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பார். அவர்கள் இருவரும் நான் சொன்ன பொய்யை நம்பி இளகியதால்தான் பேசவே ஆரம்பித்தார்கள். இந்தத் தொழில்நுட்ப உண்மையை நீதான் எடுத்துச் சொல்லி, என்னை வீட்டில் மறுபடி மனிதனாக நடத்தச் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் மாமியாருக்கு, அந்த டீக்காக, தனி வணக்கம். வயதில் சிறியவன் வாழ்த்தக்கூடாது என்பதால் உங்கள் எல்லாரையும் கும்பிட்டு முடிக்கிறேன். அடுத்த கல்யாண நாளுக்கு ஏதாவது அனுப்புவதானால் சத்தம் போடாத பொருளாக அனுப்பு.

இப்படிக்கு,
எந்தக் குற்றமும் செய்யாத உன் தம்பி

பி.கு.: கண்ணு, இது அம்மா எழுதுறேன். பார்சல் கட்டும்போது உறை ஒட்டாம இருந்துச்சு, படிச்சேன். உன் தம்பி பெரிசா கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டதா எழுதியிருக்கான். நாங்க எங்க நம்பினோம்? உங்கப்பா வாயில 'மன்னிச்சிடு' வருமா? என்ன தப்பு பண்ணினாலும் 'சரி, விடு'ம்பார், அதுதான் அவருக்கு மன்னிப்பு. அது தெரியாம இவன் சுத்தமா அச்சடிச்ச மாதிரி 'மன்னிச்சிடு'ன்னு கொண்டு வந்து குடுத்தான். அப்பவே தெரிஞ்சுது. என் பேரைச் சொல்லி அந்தப் பக்கம் என்ன சொன்னான்கறதுதான் தெரியாம இருந்தது. இவன் சொல்றது பொய்யின்னு உங்களுக்குத் தெரியாதான்னு உங்கப்பாவைக் கேட்டேன். 'நீ என்னிக்குடி நீங்க செஞ்சதுதான் சரின்னு சொல்லியிருக்கே'ன்னு சிரிக்கிறார். முதல்ல பெட்டியைப் பரண்லேருந்து ஏன் இறக்கினீங்கன்னு கேட்டா, 'சரி, விடு'ங்கறார். இவன்கிட்ட பேசாம இருக்கறது சும்மாதான், வீடு அமைதியா இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். சட்டை அளவு சரியா இருக்கான்னு எழுது. நீலத் தண்ணியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். பொய்யின்னு தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன் கண்ணு, ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் படகுக்காரன் மட்டும் இன்ஜினைக் கொஞ்சம் தாமதமா நிறுத்தியிருந்தா, உங்கப்பா இன்னும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்.