தென்னைக்குக் கொண்டை போட்டவர்

நேர்கோட்டாரைப் போல வளைந்து கொடுக்காத மனிதரை அந்தமான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. தெருவில் மாடு குறுக்கே நின்றால்கூடச் சுற்றிப் போக மாட்டார். மாடு நகரும்வரை நிற்பார்.

சுனாமிக்கு நாலைந்து வருடம் கழித்து, லாங் ஐலண்ட் பள்ளிக்கூடத்துக்கு வயர்லெஸ் இன்டர்நெட் போட வந்த திருநெல்வேலிக்காரர். நான் அங்கே கிளார்க். கூரைமேல் ஒரு தட்டு ஆன்டெனாவை மாட்டி, கடலுக்கு அப்பால் அடுத்த தீவில் தெரிந்த டவரைப் பார்த்துத் திருப்பினார். "சிக்னல் நேர்கோட்டுலதான் போவும் சார். நடுவுல ஈ பறந்தாலும் எனக்கு ஆவாது" என்றார். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் பந்தல் வாழைமரத்தையே நகர்த்தச் சொல்லிவிட்டார். "பொண்ணுக்கும் வாசலுக்கும் நடுவுல நிக்கில்லா!"

அவருடைய ஜென்ம விரோதி ஒரு தென்னை. பள்ளியை அடுத்த வீட்டுப் பெங்காலி அம்மாளின் மரம். காலமான கணவர் வைத்தது. அந்த அம்மாளை ஊரே பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். காற்றடித்தால் மட்டை குறுக்கே ஆடும், நெட் செத்துப்போகும்.

"பௌதி, ஏக் பேட் ஹை, காட் தோ நா!" என்று மரத்தை வெட்டச் சொல்லி தினமும் கெஞ்சுவார்.

"பஹ்லே தும்ஹாரா மெஷின் காட்டோ!" உன் மெஷினை முதலில் வெட்டு என்பார் பௌதி. கையோடு டீயும் கொடுப்பார்.

என் மகள் கலா நர்சிங் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். போர்ட் பிளேர் போய் அனுப்பலாமென்றால் காற்றுமழையில் மூன்று நாளாகப் போட் இல்லை. பள்ளிக் கம்ப்யூட்டரில் மார்க் ஷீட் பாதி ஏறும், மட்டை ஆடும், மறுபடி முதலிலிருந்து. நாலு மணிக்குக் கலா அழ ஆரம்பித்துவிட்டாள். அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நியாயமாக நேர்கோட்டார் எனக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

"அருவாள வையும்வே!" சார் போய் 'வே' வந்துவிட்டது. "அந்தம்மா காலையில எந்திச்சு மொதல்ல அந்த மரத்தத்தான் பாக்கு. தெனம் டீ குடிக்கப் போறவன், எனக்குத் தெரியாதா?"

கயிற்றோடு மரமேறினார். ஆடுகிற மட்டைகளை இழுத்துச் சேர்த்து உச்சியில் கொண்டை போட்டார். கயிறு போதவில்லை. மிச்சத்தைக் கையால் அணைத்துப் பிடித்தார்.

"கிர் ஜாயேகா! உத்ரோ!" விழுந்துவிடுவாய், இறங்கு என்று கீழே பௌதி அலறினார்.

"போச்சாவே?" என்றார் மேலிருந்து.

"இல்ல! இப்ப உங்க தலதான் குறுக்க நிக்குது!" என்று கம்ப்யூட்டர் அறை ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

மாட்டுக்கே வளையாத மனிதர் வளைந்தார். இடுப்பை ஒடித்து, தலையைத் தோளுக்குள் சாய்த்து, கொட்டுகிற மழையில் அரைமணி நேரம் கோணலாகத் தொங்கினார். நாலு ஐம்பதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் கழுத்துச் சுளுக்கோடு வேறு தீவுக்குப் போட் ஏறினார்.

கலா இப்போது கேம்பல் பே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கழுத்துச் சுளுக்கு என்று யார் வந்தாலும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாரா என்று கவனிப்பாளாம். பெயர் சொல்லி விசாரிக்க வழியில்லை. அவருடைய நிஜப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள, பாவி, எனக்கு அன்று தோன்றவில்லை.