மாப்பிள்ளைக்கு ஒரு இன்டெக்ரல்

"டேய் பாலு, போனை வெச்சுடாத! டிடர்மினன்ட் பூஜ்யம் வருது!"

பெண் வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியபடி கிசுகிசுத்தான் தினகரன். குன்னூரில் தேயிலை ருசி பார்க்கும் உத்தியோகம். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து வந்தவன்.

கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் இந்துமதிக்கு ஒரு வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு கணக்கைக் கொடுத்துவிடுவாள். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அதிலேயே கவிழ்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தினகரனும் பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் கொடுத்த டீயைத் தொழில் பழக்கத்தில் அவன் 'சர்ர்ர்' என்று உறிஞ்ச, கூடமே திடுக்கிட, அவள் மட்டும் சிரித்தாள். உள்ளே போய் ஒரு தாளில் எழுதி வந்து நீட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு தோற்றுப்போக அவனுக்கு மனசு வரவில்லை.

e-யின் தலைமேல் மைனஸ். அடைப்புக்குள் 2x² + 2xy + 2y². தளம் முழுக்க இன்டெக்ரல் கண்டுபிடிக்க வேண்டும்.

எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு ஊட்டியில் கேரட் மண்டி நடத்தும் பாலு அலறினான். "π-யை டிடர்மினன்டோட ரூட்டால வகுத்தாத்தான்டா விடை! பூஜ்யத்தால எப்படிடா வகுப்பே? மேட்ரிக்ஸ்ல என்ன போட்ட?"

"நாலு கட்டத்துலயும் ரெண்டு."

"பாதியாக்குடா!"

தேயிலை கலக்கிறவனுக்குப் பாதி என்றால் எல்லாவற்றிலும் பாதி. நான்கு கட்டத்திலும் ஒன்று போட்டான்.

"மறுபடியும் பூஜ்யம்டா!"

"எல்லாத்தையுமா பாதியாக்குனே? ரெண்டு கட்டத்தை மட்டும்டா!"

x², y² கட்டங்களை மட்டும் பாதியாக்கினான். "மைனஸ் மூணு!"

"போச்சு! மைனஸுக்கு ஏதுடா ரூட்டு? நீ பாதியாக்க வேண்டியது..."

சிக்னல் போய்விட்டது.

"ஏனுங்க, கை கழுவ இத்தனை நேரமா?"

இந்துமதி நின்றிருந்தாள். தினகரன் எழுந்து தாளை நீட்டினான்.

"எனக்கு வரலீங்க. ஆனா, இப்படியே ஊட்டுக்குப் போகவும் மனசில்லீங்க."

அவள் பேனாவை வாங்கினாள். "x², y² ரெண்டும் அப்படியே இருக்கட்டுமுங்க. xy-யைத்தான் பங்கு போட்டுக்கணும், ஆளுக்குப் பாதி."

"நாலுல ஒண்ணு போனா... மூணு! π-யை ரூட் மூணால வகுக்கணும்!"

"அவ்வளவுதானுங்க" என்று விடையை எழுதினாள்.

மகளைத் தேடி வந்த அப்பா காத்தமுத்து, தாளிலிருந்த விடையை எட்டிப் பார்த்துவிட்டு வாய் பிளந்தார்.

"ஏங்கண்ணு, வர்றவங்களுக்கெல்லாம் விடையே இல்லாத கணக்கைத்தானே குடுப்பே?"