சோக்கில் காய்ந்த சந்தனம்

மூக்கு பாயைப் போல இன்னொருவரைப் படைக்க ஆண்டவனே யோசித்திருப்பான். செல்லூரில் எஞ்சின் ரிப்பேருக்குக் கூப்பிட்டால் மற்றவர்கள் ஸ்பானரோடு வருவார்கள், இவர் மூக்கோடு வருவார். ஒரு தடவை பஸ்ஸில் ஏறியவர், ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "வயரு கருகுது, எல்லாரும் எறங்குங்க" என்றார். டிரைவர் அவரை மட்டும் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் புகை கிளம்பி அத்தனை பேரும் குதித்தார்கள்.

நான் அப்போது ஒரு மர அறுவை மில்லில் குமாஸ்தா. சேர்ந்து மூன்றே மாதம். ஆயுத பூஜையன்று முதலாளி என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "எஞ்சின் சக்கரத்துல ஒரு பொட்டு வையி, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல், வெளியே தெரியாத சந்து பொந்தெல்லாம் பக்தியோடு அப்பிவைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் மரம் அறுக்க வேண்டும். எஞ்சின் இரண்டு தடவை இருமி, கரும்புகை கக்கிவிட்டு நின்றது. நாலு ஆள் மாறி மாறிச் சுற்றியும் அசையவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா நின்னுபோச்சு. எவன் கை வச்சான்னு மட்டும் தெரியட்டும், இன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிருவேன்" என்றார் முதலாளி.

ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

பாய் வந்தார். பிளக்கைக் கழற்றி, சொன்னால் நம்பமாட்டீர்கள், நாக்கில் வைத்து நக்கினார்.

"பெட்ரோலைக் குடிச்சிட்டு மூச்சுவிட முடியாமக் கெடக்கு மொதலாளி. காத்து போற வழிய சோக்கு மூடிக்கிட்டு நிக்குது. தொறக்க மாட்டேங்குது."

சோக்கின் கம்பியருகே மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. ஆணியால் சுரண்டினார். கட்டியாகக் காய்ந்திருந்தது பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்ன பாய் அது?" என்று முதலாளி நெருங்கினார்.

"கொளவிக் கூடு."

"முந்தாநேத்து ஓடுன எஞ்சின்லயா?"

"ரெண்டு நாள்ல கட்டிருச்சு. அம்புட்டு சுறுசுறுப்பு."

அந்த மூக்குக்காரர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. திகைத்துப் போனேன். முதலாளி விடவில்லை. "ஒங்க கையில சந்தனமில்ல மணக்குது?"

பாய் கண்ணிமைக்காமல் விரல்களைத் தன் கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தார். "அக்கா மக நிக்காஹ். அங்கேருந்து நேரா வாரேன். வந்தவுக எல்லாருக்கும் சந்தனம் பூசிவிட்டாக."

எனக்குத் தெரிந்து அவருக்கு அக்காவே கிடையாது.

பிளக்கைத் துடைத்து மாட்டியதும் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. ரம்பம் மரத்தில் இறங்கியது. முதலாளி முகம் மலர்ந்து உள்ளே போனார். பாய் என் பக்கத்தில் வந்து, "அடுத்த வருசம் சக்கரத்தோட நிறுத்திக்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அந்தச் சந்தனக் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழாமல், மரம் மாதிரி தலையாட்டி அனுப்பினேனே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.