டிக்டிக் சிஸ்டரும் தலைவர் பேனாவும்

கள்ளக்குறிச்சியில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப் போகிற மனிதர்களிலேயே, 'கூடாது' என்ற வார்த்தையைச் சொல்லாமல் காரியம் சாதிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் எதிர்வீட்டு டிக்டிக் சிஸ்டர். நாயிடம் சொல்ல மாட்டார், ஆட்டோக்காரரிடம் சொல்ல மாட்டார், அவர் வீட்டு மாடியில் வடகத்தைத் திருடும் குரங்கிடமும் சொல்ல மாட்டார்.

கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஐம்பதை நெருங்கும் வயது, தனியாள். காலையில் மலை பஸ், சாயங்காலம் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், மிச்ச நேரமெல்லாம் நாய். பஞ்சு என்று ஒரு பொமரேனியன். மலையிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு குட்டிகள். கறுப்புக்கு மிளகு என்று பெயர், வெளுப்புக்கு சாமை.

சிஸ்டர் கையில் எப்போதும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் வரும். குட்டி உட்கார்ந்தால் அந்தக் கணமே ஒரு டிக், உடனே ஒரு துண்டு வேகவைத்த ஈரல். டிக் சத்தம் கேட்டால் தீனி நிச்சயம் என்று குட்டிக்குப் புரிந்துவிட்டால் போதும், எதைச் செய்தபோது டிக் வந்ததோ அதையே திரும்பத் திரும்பச் செய்யும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. பத்தே நாளில் மூன்றும் உட்கார்ந்தன, படுத்தன, கேட் திறந்திருந்தாலும் வாசலிலேயே நின்றன. தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. டப்பாவைக் கடன் வாங்கி, சாமையை உட்காரச் சொல்லிப் பழக்கினேன். அரை மணி நேரத்தில் ஈரல் தீர்ந்தது. சாமை என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து நின்றது.

"குட்டி மேல தப்பு இல்ல சார்" என்றார் சிஸ்டர். "அது உக்காரும்போது பாத்துக்கினு இருந்தீங்க. எழுந்தப்புறம் அமுக்கினீங்க. இப்ப அது எழுந்திரிக்கறதுல பாஸ் ஆயிடுச்சு. உங்க விரலுக்குத்தான் ட்ரெய்னிங் பத்தல."

நாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருநாள் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். சிஸ்டர் டிக் என்று அமுக்கி, ஒரு கடலை மிட்டாயை நீட்டினார். மறுநாளிலிருந்து அந்த மனிதர் தெருவில் திறந்து கிடந்த கேட்டையெல்லாம் தேடித் தேடிச் சாத்த ஆரம்பித்தார். இதைப் பார்த்துவிட்டு என் மனைவி, நான் ஈரத்துண்டைக் கொடியில் போட்ட ஒரு நல்ல வேளையில் ஒரு முறுக்கைக் கையில் கொடுத்தாள். அன்றைக்கு நான் மூன்று முறை குளித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில், மிளகுக்குப் பல் முளைத்தது.

முதலில் என் புதுச் செருப்பு, இடது கால். இரண்டாவது, தெருச் சங்கத் தலைவர் கொடியில் காயப்போட்ட பட்டுக்கரை வேட்டி. தலைவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், மனு எழுதுவார். 'மேற்படி நாய்களை ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்தாவிட்டால், மேற்படி நபரை வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும்' என்று வீட்டு உரிமையாளருக்கு ஒரு மனு. முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது என்னுடையது. இடது காலைப் பார்த்துக்கொண்டே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். எங்கள் தெரு கச்சிராயபாளையம் ரோட்டில் போய்ச் சேரும் முனையில்தான் தலைவர் வீடு. வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சர்ச்சிலிருந்து வந்த சிஸ்டர், கட்டின புடவையோடு மூன்று நாய்களையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

தலைவரிடம் ஒரு பேனா உண்டு. ஓய்வு பெற்றபோது ஆபீசில் கொடுத்தது. தடித்த ஸ்டீல் பேனா, அமுக்கினால் பட்டாணி வெடிக்கிற மாதிரி சத்தம். மனுவை வாசிக்குமுன் பழக்கதோஷத்தில் ஒரு முறை அமுக்கினார்.

மூன்று நாய்களும் ஓடிப்போய் அவர் எதிரில் வரிசையாக உட்கார்ந்தன.

"இன்னாங்க இது?" என்றார் தலைவர்.

"நீங்க டிக்குனு சொன்னீங்க சார். தீனி குடுக்கணும்."

"நான் இன்னாத்துக்குக் குடுக்கணும்? நான் இதுங்களத் தொரத்தறதுக்கு மனு எழுதிக்கினு வந்திருக்கேன்."

பதற்றத்தில் இன்னும் நான்கு முறை அமுக்கிவிட்டார். பஞ்சு படுத்துக் காட்டியது. மிளகு கை கொடுத்தது. சாமை, என்னிடம் பழகிய பாடத்தை மறக்காமல், எழுந்து நின்றது. கூட்டத்தில் யாரோ சிரிக்க, அடுத்து எல்லோரும் சிரிக்க, தலைவர் முகம் சிவந்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் போன ஒரு லாரியின் டயர் வெடித்தது.

சாமை மிரண்டு ஓடியது. வீட்டை நோக்கி அல்ல, ரோட்டை நோக்கி. நடு ரோட்டில் போய், உடம்பை ஒடுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர், மறுபக்கம் மலை பஸ். நான் ஓட எழுந்தேன்.

"தொரத்தாதீங்க, இன்னும் ஓடும்" என்றார் சிஸ்டர். கை புடவையில் டப்பாவைத் தேடியது. டப்பா வீட்டில் இருந்தது. முதல் முறையாக அவர் குரல் நடுங்கிக் கேட்டேன். "சார், கூப்பிடறதுக்கு டிக் சத்தத்த யூஸ் பண்ணக் கூடாது. ஆனா இப்ப வேற வழி இல்ல. பேனாவ அமுக்குங்க, சார்."

'கூடாது' என்று அவர் சொன்னதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

தலைவர் அமுக்கினார். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. அடுத்து அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, ரோட்டு ஓரத்துக்கே ஓடினார். மனு இருந்த கையை டிராக்டருக்கு நேராக நீட்டி, மறு கையால் டிக் டிக் டிக் என்று அமுக்கினார். வேட்டி அவிழ்ந்ததா இல்லையா என்பதை இந்தப் பத்திரிகையின் கௌரவம் கருதி விட்டுவிடுகிறேன்.

சாமையின் காது நிமிர்ந்தது. தலை திரும்பியது. அம்பு மாதிரி வந்து தலைவரின் கால்மேல் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் டிராக்டரும் பஸ்ஸும் கிரீச்சிட்டு நின்றன.

தலைவருக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப குடுக்கணும் சார்" என்றார் சிஸ்டர் மெதுவாக. கண்ணில் தண்ணீர்.

தலைவர் சட்டைப் பையைத் துழாவினார். சர்க்கரை நோயாளிகளுக்கான பிஸ்கட் இருந்தது. மண்ணில் போட அவருக்கு மனசு வரவில்லை. சுற்றிலும் பார்த்தார். கையிலிருந்த மனுவைத் தரையில் விரித்து, அதன்மேல் பாக்கெட் பிஸ்கட் முழுவதையும் கொட்டினார். என் கையெழுத்தை மிளகு நக்கிக்கொண்டிருந்தது.

"கூட்டம் முடிஞ்சிடுச்சு. எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்றார்.

சாயங்காலம் நான் சிஸ்டர் வீட்டுக்குப் போய், நானும் கையெழுத்துப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் சார். ரெண்டாவது உங்குளுது" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கையெழுத்து அழகா இருக்குது சார்" என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போது சிஸ்டர் மலையிலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடியேறிவிட்டார். அங்கே ஒரு வளைவில் மட்டும்தான் போன் எடுக்கும். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து அங்கே நடந்து வந்து என்னோடு பேசுவார். போன ஞாயிறு போன் வரவில்லை. மலையில் மழை என்றார்கள். திங்கட்கிழமை காலை மலைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் தலைவர் உட்கார்ந்திருந்தார். தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

சிஸ்டர் நன்றாகத்தான் இருந்தார். வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் இவ்ளோ தூரம்?"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் மலையைப் பார்த்தார்.

"சும்மாதான்" என்றோம்.